வன்தட்டுக்கும் பூட்டு வேண்டும்: கோப்பு முறைமையை மாற்றுவது ஒரு குடும்பப் பொறுப்பு

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் ஒரு பழைய கைப்பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, காணி உறுதிகள், பாடசாலைப் பெறுபேறுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், தஞ்சக் கோரிக்கைக்காக அதிகாரிகள் முன்னிலையில் அளித்த வாக்குமூலத்தின் பிரதி என யாவும் அதற்குள்ளேயே இருந்தன. இடம்பெயர வேண்டி வந்தபோதெல்லாம் முதலில் கையில் எடுக்கப்பட்டது அந்தப் பைதான். பின்னர் கணினியும் ஸ்கானரும் வீடுகளுக்கு வந்தன. பையில் இருந்தவை ஒவ்வொன்றாகப் படமாக்கப்பட்டு வன்தட்டுக்குள் குடியேறின.

அந்தக் கடதாசிகளில் பல இன்று இல்லை. சில போரில் அழிந்தன. சில வீடு மாறியபோது தொலைந்தன. சில ஈரத்தில் மங்கிப்போயின. ஆகவே பிரதியாக எடுத்த படமே இன்று மூலமாகிவிட்டது. ஆனால் கைப்பைக்கு நாம் கொடுத்த காவலில் சிறு பங்கைக்கூட வன்தட்டுக்குக் கொடுக்கவில்லை. பையை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். வன்தட்டோ மேசை லாச்சியிலும் நிலக்கீழ் அறையிலும் பழைய கணினியின் உள்ளேயும், எவர் எடுத்து இணைத்தாலும் திறந்துகொள்ளும் நிலையில் கிடக்கின்றது.

இதனை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. அதனால் எமது வீடுகளில் பலரும் கணினியை மாற்றி வருகின்றனர். புதியது வாங்கப்படுகின்றது, பழையது உறவினருக்கோ, தொண்டு அமைப்புக்கோ, குப்பைக்கோ போகின்றது. அதன் உள்ளே இருக்கும் வன்தட்டில் என்ன உள்ளது, அது எந்த முறைமையில் எழுதப்பட்டுள்ளது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. வன்தட்டைப் பாதுகாப்பான கோப்பு முறைமைக்கு மாற்றுவது கணினி திருத்துபவரின் வேலை என்று ஒதுக்கிவிடக்கூடாது. அது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஏற்கவேண்டிய குடும்பப் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கோப்பு முறைமை என்பது யாது?

ஒரு நூலகத்தில் நூல்கள் எத்தனை இருந்தாலும், எந்த நூல் எந்தத் தட்டில் உள்ளது என்று கூறும் பட்டியல் இல்லையேல் பயனில்லை. வன்தட்டில் அந்தப் பட்டியலையும் அதனைப் பேணும் விதிகளையும் சேர்த்தே கோப்பு முறைமை என்கிறோம். ஒரு கோப்பின் பெயர் என்ன, அதன் துண்டுகள் எங்கெங்கே உள்ளன, அது எப்போது எழுதப்பட்டது என்பவை அதில் பதியப்படுகின்றன. நல்ல முறைமையாயின், அதனை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்பதும் பதியப்படும்.

மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் ஃபற் என்னும் முறைமை 1977ஆம் ஆண்டில் பிறந்தது. அதன் பிந்திய வடிவமான ஃபற் 32, 1996ஆம் ஆண்டில் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்புடன் வெளிவந்தது. எமது வீடுகளுக்கு வந்த முதற் கணினிகளில் பெரும்பாலானவை இந்த முறைமையிலேயே இயங்கின. அது எளிமையானது, எந்தக் கணினியும் அதனை வாசிக்கும். ஆனால் இந்தக் கோப்பு இன்னாருடையது என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பட்டியல் குழம்பிவிடும். 4 கிகாபைற் அளவை எட்டும் கோப்பு எதனையும் அது ஏற்காது. ஒரு திருமண ஒளிப்பதிவைக்கூடத் துண்டாடாமல் வைக்க முடியாத முறைமை அது.

இதற்கு மாற்றாக என்.ரி.எஃப்.எஸ் என்னும் முறைமை 1993ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.ரி இயங்குதளத்துடன் அறிமுகமானது. முதலில் அலுவலகங்களுக்கே உரியதாக இருந்த அது, 2001ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபின் வீட்டுக் கணினிகளிலும் பரவியது. இன்று விண்டோஸ் கணினியின் உள்வட்டு வழமையாக இந்த முறைமையில்தான் உள்ளது.

அப்படியாயின் இது முடிந்துபோன கதையல்லவா என்று சிலர் வினவலாம். இல்லை. கடைகளில் வாங்கும் பென்டிரைவ்களும் வெளி வன்தட்டுகளும் பல இன்றும் ஃபற் 32 முறைமையிலோ, 2006ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்-ஃபற் முறைமையிலோதான் கிடைக்கின்றன. எக்ஸ்-ஃபற் பெரிய கோப்புகளை ஏற்கும். ஆயினும் உரிமைக் குறிப்பும் பூட்டும் அதில் இல்லை. குடும்பத்தின் முக்கிய ஆவணங்களை நாம் "பத்திரமாக இருக்கட்டும்" என்று எடுத்து வைப்பதோ இத்தகைய வெளி வன்தட்டுகளில்தான். மிகவும் பாதுகாக்க வேண்டியவை மிகவும் பாதுகாப்பற்ற இடத்தில் இருக்கின்றன.

மாற்றுவதால் கிடைப்பவை

ஃபற் 32இலிருந்து என்.ரி.எஃப்.எஸ்க்கு மாறினால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் அனுமதி வகுக்கலாம். தந்தையின் வழக்குக் கோப்புகளைச் சிறுவர் தவறுதலாக அழிக்காதவாறும், வீட்டுக்கு வரும் விருந்தினர் திறக்காதவாறும் செய்யலாம். இரண்டாவது, மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுச் செயற்படுவதால், திடீரென மின்சாரம் நின்றாலும் முறைமை தன் பட்டியலைச் சீர்செய்துகொள்ளும். மூன்றாவது, கோப்பின் அளவு குறித்த தடை நடைமுறையில் நீங்குகின்றது.

மாற்றும் வழியும் கடினமானதன்று. வன்தட்டின் அடையாளப் படத்தின்மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து பண்புகளைத் திறந்தால், அது எந்த முறைமையில் உள்ளது என்பது தெரியும். விண்டோஸில் 'கன்வேர்ற்' என்றொரு கட்டளை உண்டு. ஃபற் அல்லது ஃபற் 32 முறைமையில் உள்ள தட்டை, அதிலுள்ள கோப்புகளை அழிக்காமலே என்.ரி.எஃப்.எஸ்க்கு மாற்றும் கட்டளை அது. ஆயினும் நான்கு விடயங்களை மறத்தலாகாது.

ஒன்று, இது ஒருவழிப் பாதை. மீண்டும் பழைய முறைமைக்குத் திரும்ப வேண்டுமாயின் தட்டை முற்றாக அழித்து வடிவமைக்கவே வேண்டும். இரண்டு, எக்ஸ்-ஃபற் தட்டை இக்கட்டளை மாற்றாது. அதிலுள்ளவற்றை வேறிடத்துக்குப் படியெடுத்து, தட்டைப் புதிதாக வடிவமைத்து, மீண்டும் இடவேண்டும். மூன்று, அப்பிள் மக் கணினிகள் என்.ரி.எஃப்.எஸ் தட்டை வாசிக்கும். ஆனால் தனி மென்பொருள் இன்றி அதில் எழுதமாட்டா. வீட்டில் இருவகைக் கணினிகளும் இருந்தால் இதனை முன்னரே சிந்திக்க வேண்டும். நான்காவதே தலையாயது: மாற்றத் தொடங்கும் முன் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கின்றதா என்றும் பார்த்துவிட வேண்டும். பழைய தட்டு நடுவழியில் பழுதடைந்தால் அதனைக் காப்பாற்ற எந்தக் கட்டளையும் உதவாது.

மாற்றியவுடன் அனுமதிகள் தாமாகவே இறுக்கமாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே பயனர் கணக்கில், அதுவும் நிர்வாகிக் கணக்கில், கணினியைப் பாவித்தால் அனுமதி என்பதற்குப் பொருளே இல்லை. ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கொரு கடவுச்சொல் என்பது முதற்படி. யாருக்கு எந்த அடைவு என்பதை வகுப்பது அடுத்த படி.

அனுமதி வேறு, பூட்டு வேறு

இதுவரை கூறியவற்றுடன் பலர் நின்றுவிடுகின்றனர். என்.ரி.எஃப்.எஸ்க்கு மாற்றிவிட்டோம், கடவுச்சொல்லும் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பது அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது.

கோப்பு அனுமதி என்பது இயங்குதளம் நிறுத்தும் வாயிற்காவலன் போன்றது. விண்டோஸ் விழித்திருக்கும் வரைதான் காவலனும் விழித்திருப்பான். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அல்லது பென்டிரைவில் உள்ள லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு அதே கணினியைத் தொடக்கினால், அந்தக் காவலன் அங்கில்லை. கோப்புகள் யாவும் வெளிப்படையாகத் தெரியும். கணினியைத் திருடியவருக்கு இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. சில நிமிடங்களே போதும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காகப் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கினர். அவற்றில் இயங்கும் நிலையில் இருந்தவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும், மருத்துவக் குறிப்புகளும், தனிப்பட்ட கடிதங்களும் கிடைத்தன. அவற்றை விற்றவர்களில் பலர் தம் கோப்புகளை அழித்துவிட்டதாகவே எண்ணியிருப்பர்.

பிரித்தானியாவில் வாழும் எம்மவர்க்கு இன்னொரு நிகழ்வு நினைவிருக்கும். 2007ஆம் ஆண்டில் அந்நாட்டு வருமானவரித் திணைக்களம் இரண்டு இறுவட்டுகளை அஞ்சலில் அனுப்பித் தொலைத்தது. பிள்ளைகளுக்கான கொடுப்பனவு பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 2 கோடியே 50 இலட்சம் பேரின் பெயர், முகவரி, பிறந்த நாள், வங்கிக் கணக்கு விபரங்கள் அவற்றில் இருந்தன. இறுவட்டுகளுக்குக் கடவுச்சொல் இருந்தது; ஆனால் தரவுகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கவில்லை. அந்தக் கொடுப்பனவைப் பெற்ற தமிழ்க் குடும்பங்களின் விபரங்களும் அவற்றுள் அடக்கம். ஓர் அரசு எம் பிள்ளைகளின் விபரங்களை இவ்வாறு அனுப்பியது என்று அன்று கண்டித்தோம். எமது வீட்டிலுள்ள வன்தட்டு இன்று எந்நிலையில் உள்ளது?

ஆகவே உண்மையான பூட்டு மறைகுறியாக்கமே. தட்டில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் திறவுகோல் இன்றி எவரும் பொருள்கொள்ள முடியாத வடிவில் எழுதும் முறை அது. தட்டைக் கழற்றி எங்கு கொண்டுபோனாலும் பூட்டும் கூடவே போகும். விண்டோஸின் புறொ பதிப்பில் பிற்லொக்கர் என்னும் வசதி உள்ளது. வீட்டுப் பதிப்பில் அதன் முழு வடிவம் இல்லை. ஆயினும் புதிய கணினிகளில் 'சாதன மறைகுறியாக்கம்' என்ற பெயரில் அதன் எளிய வடிவம் உண்டு. அப்பிள் கணினிகளில் ஃபைல்வோல்ற் உள்ளது. 2017ஆம் ஆண்டில் வந்த அவற்றின் புதிய கோப்பு முறைமை மறைகுறியாக்கத்தை உள்ளடக்கியே வடிவமைக்கப்பட்டது. விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் வெராகிரிப்ற் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. பணம் இங்கு தடையன்று.

பிற்லொக்கரைத் தொடங்கும்போது ஒரு கேள்வி எழும்: பாவித்த பகுதியை மட்டும் பூட்டுவதா, முழுத் தட்டையும் பூட்டுவதா என்பதே அது. ஏற்கெனவே பாவனையில் இருந்த தட்டாயின் முழுத் தட்டையுமே தெரிவுசெய்ய வேண்டும். நாம் அழித்த கோப்புகள் உண்மையில் அழிவதில்லை. பட்டியலிலிருந்து பெயர் மட்டும் நீங்க, உள்ளடக்கம் வெற்றிடம் எனக் குறிக்கப்பட்ட பகுதியிலேயே கிடக்கும்.

"எம்மிடம் மறைக்க என்ன இருக்கின்றது?"

இவ்வாறு கேட்கும் பெரியவர்கள் பலர். நாம் குற்றம் எதுவும் செய்யவில்லையே, எமது வன்தட்டைப் பார்த்து எவர் என்ன செய்யப்போகின்றார் என்பது அவர்களது வாதம். நேர்மையான மனிதர்களின் வாதம் அது. ஆனால் அந்த வன்தட்டில் இருப்பது எம்மைப் பற்றியது மட்டும்தானா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு தஞ்சக் கோரிக்கையின் வாக்குமூலத்தை எடுத்துப் பாருங்கள். யார் வீட்டில் ஒளிந்திருந்தோம், யார் அடைக்கலம் தந்தனர், யார் வழிகாட்டினர், எந்த உறவினர் எங்கே தடுத்து வைக்கப்பட்டார் என்பன அதில் உள்ளன. அந்தப் பெயருக்குரியோரில் பலர் இன்றும் ஊரில் வாழ்கின்றனர். காணி உறுதியில் இருப்பது எமது பெயர் மட்டுமன்று. பங்காளிகளின் பெயர்களும் எல்லைகளும் அதில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடி எழுதிய கடிதங்களில் சாட்சிகளின் பெயர்கள் உண்டு. இவற்றை வெளியில் விடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை எமக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் எம்மை நம்பிக் கூறியவற்றை நாம் காவலின்றி வைத்திருத்தல் அறமாகாது.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 இலக்கத் தீர்மானம், இலங்கையில் நிகழ்ந்த மீறல்கள் தொடர்பான தகவல்களையும் சான்றுகளையும் திரட்டிப் பேணும் பணியை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. ஆண்டுகள் பல கடந்தபின்னும் ஒரு படமோ, ஒரு கடிதமோ, ஓர் ஒலிப்பதிவோ சான்றாக வேண்டப்படலாம் என்பதை அது எமக்கு உணர்த்துகின்றது. சான்று அழியாமலும் இருக்கவேண்டும். பிறர் கையில் சிக்கிச் சாட்சிக்குத் தீங்காகாமலும் இருக்கவேண்டும். இடையில் எவரும் கைவைக்காமலும் இருக்கவேண்டும். அனுமதியும் பூட்டும் இல்லாத ஒரு தட்டில் கிடக்கும் கோப்பு இம்மூன்றில் எதற்கும் உறுதி தராது.

மறைகுறியாக்கம் சட்டத்திலிருந்து தப்பும் வழி என்றும் எவரும் தவறாக எண்ணவேண்டாம். நாம் வாழும் மேற்கு நாடுகளில் தன் தரவைப் பூட்டி வைப்பது சட்டப்படி செல்லும். அதேவேளை, பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிய ஆணையின் கீழ் திறவுகோலைத் தரும்படி கோர அதிகாரிகளுக்கு இடமளிக்கின்றது. நாம் பேசுவது திருடரிடமிருந்தும் வேவு பார்ப்போரிடமிருந்தும் தற்செயலான இழப்பிலிருந்தும் காத்துக்கொள்வது பற்றியே.

திறவுகோல் தொலைந்தால்?

மறைகுறியாக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் இதுவே. கடவுச்சொல்லை மறந்துவிட்டால், மீட்புக் குறியீடும் தொலைந்துவிட்டால், உள்ளே இருப்பது எக்காலத்துக்கும் இல்லாமற் போகும். உடைத்துத் தர எந்தக் கடைக்காரராலும் முடியாது. தந்தை இறந்தபின் அவரது கணினியின் முன் செய்வதறியாது அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எமது சமூகத்தில் உருவாகவே செய்வர்.

இந்த ஆபத்தை மறுப்பதற்கில்லை. ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் செல்வத்தின் கதி என்ன என்பதை எம்மைவிட அறிந்தவர் எவர்? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. படி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது, படியில்லாதவை போயின. அதன் பின்னர் எம்மவர் வாளாவிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி எவரும் வாசிக்கும்படி வைத்துள்ளது. எமது வீடுகளில் உள்ள பழைய சஞ்சிகைகளும் ஊர் மலர்களும் அத்தகைய இடத்துக்கே உரியவை. அவற்றைப் பூட்டுதல் தவறு, பரப்புதலே காவல்.

ஆனால் வாக்குமூலமும் உறுதியும் சாட்சிக் கடிதமும் பரப்பக்கூடியவை அல்ல. அவற்றுக்குப் படியும் வேண்டும், பூட்டும் வேண்டும். ஆகவே பூட்டுவதற்கு முன் படியெடுங்கள். பூட்டிய தட்டுகள் இரண்டாயினும் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றையது நம்பிக்கையான உடன்பிறப்பின் வீட்டிலும் இருக்கட்டும். பிற்லொக்கர் தரும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு, கணினியிலிருந்து வேறான ஓரிடத்தில் வையுங்கள். அக்கடதாசியை அந்த வன்தட்டுடனேயே ஒட்டி வைப்பது, பூட்டிலேயே திறவுகோலைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11இன் 24-எச்-2 பதிப்பு முதல், மைக்ரோசொஃப்ற் கணக்கின் மூலம் புதிதாக அமைக்கப்படும் பல கணினிகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. மீட்புக் குறியீடு அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகின்றது. அதாவது, புதிய கணினி வாங்கிய பெற்றோர் பலரின் வன்தட்டு அவர்கள் அறியாமலே பூட்டப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கை யார் பெயரில் திறந்தோம், அதன் கடவுச்சொல் என்ன என்பதே பலருக்கு நினைவில் இல்லை. பூட்ட விரும்பாதவர்கூட இன்று தம் திறவுகோல் எங்கே என்று தேடி அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பழைய கணினிகளைத் தாயகத்துக்கு அனுப்பும்போது

எமது அமைப்புகளும் ஊர்ச் சங்கங்களும் பாவித்த கணினிகளைச் சேர்த்துத் தாயகத்துப் பாடசாலைகளுக்கு அனுப்புவதுண்டு. போற்றத்தக்க பணி அது. ஆனால் குப்பைத்தொட்டிப் படத்தை வெறுமையாக்கிவிட்டு அனுப்புவது துடைத்து அனுப்புவதாகாது. விரைவு வடிவமைப்பும் பட்டியலை மட்டுமே புதிதாக்கும். சுழலும் வகை வன்தட்டாயின் முழு வடிவமைப்புச் செய்ய வேண்டும். விண்டோஸ் விஸ்ரா முதலான பதிப்புகளில் அது தட்டு முழுவதையும் பூச்சியங்களால் நிரப்பும். சுழலாத புதியவகைத் தட்டுகளில் மேலெழுதுதல் முழு உறுதி தராது. தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கம் செய்து, இறுதியில் திறவுகோலை அழித்துவிடுவதே அவற்றுக்குச் சிறந்த வழி. ஐயம் இருந்தால் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, புதிய தட்டொன்றை இட்டு அனுப்புங்கள். தஞ்சம் கோரி ஒருவர் அளித்த வாக்குமூலம், அவர் எந்த ஊரிலிருந்து தப்பி வந்தாரோ அந்த ஊருக்கே பழைய கணினியில் திரும்பிப்போவது எவ்வளவு கொடுமையானது என்பதை விளக்கத் தேவையில்லை.

பெற்றோரும் பிள்ளைகளும்

இளையோரே, உங்கள் கைத்தொலைபேசி பூட்டப்பட்டிருக்கின்றது. இக்காலக் கைத்தொலைபேசிகள் நீங்கள் கேளாமலே மறைகுறியாக்கம் செய்துகொள்கின்றன. உங்கள் நண்பர்களுடன் பகிரும் படங்களுக்கு இருக்கும் காவல், உங்கள் பெற்றோர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த ஆவணங்களுக்கு இல்லை. அந்த வேறுபாட்டை நீக்கும் அறிவு உங்களிடமே உண்டு. "இது கூடத் தெரியாதா" என்று சலித்துக்கொள்ளாமல், ஒரு சனிக்கிழமையை அதற்கென ஒதுக்குங்கள்.

பெற்றோரே, கணினி உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் எந்தக் கடதாசி முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "உறுதி" என்று பெயரிட்ட கோப்பின் பெறுமதி அவர்களுக்குப் புரியாது. அந்தப் படத்தில் நிற்பவர் யார், அந்தக் கடிதம் எந்த ஆண்டில் எந்த முகாமிலிருந்து வந்தது என்பதை நீங்கள் கூறினால்தான் உண்டு. எதனைப் பூட்டுவது, எதனைப் பரப்புவது, எதனை அழித்துவிடுவது என்ற முடிவு உங்களுடையது. அதனைச் செய்து முடிக்கும் கைகள் அவர்களுடையவை.

வேலையின் ஒழுங்கு இவ்வாறு அமையட்டும். முதலில் வீட்டிலுள்ள எல்லா வன்தட்டுகளையும் பென்டிரைவ்களையும் ஒரு மேசையில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் என்ன உள்ளது, எந்த முறைமையில் உள்ளது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முக்கியமானவற்றைப் புதிய தட்டொன்றில் படியெடுங்கள். பின்னர் பழைய முறைமையை மாற்றுங்கள். அதன்பின் பூட்டுங்கள். இறுதியாக, ஒருமுறை கணினியை நிறுத்திவிட்டு, எழுதி வைத்த குறியீட்டைக் கொண்டே தட்டைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத திறவுகோலைத் திறவுகோல் என்று நம்பக்கூடாது.

வீட்டில் செய்வதை அமைப்புகளும் செய்யவேண்டும். தமிழ்ப் பாடசாலைகளிடம் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி உள்ளன. ஆலயங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் நன்கொடை அளித்தோர் பட்டியல் உள்ளது. நினைவேந்தல்களை நடத்துவோரிடம் உறவுகளை இழந்தோரின் விபரங்கள் உள்ளன. இவை பொறுப்பாளர் ஒருவரின் சொந்த மடிக்கணினியிலோ, கைமாறிச் செல்லும் பென்டிரைவிலோ இருப்பது வழமையாகிவிட்டது. ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறிய சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதைப் பொறுப்பாளர்கள் அறிந்திருத்தல் நன்று. அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைக் கேட்கும் அங்கத்தவர்கள், எமது விபரங்கள் எந்தத் தட்டில் உள்ளன, அது பூட்டப்பட்டதா, திறவுகோல் எத்தனை பேரிடம் உள்ளது என்ற வினாக்களையும் எழுப்பட்டும்.

எமது வரலாற்றில் ஆவணங்களைப் பிறர் அழித்ததைப் பற்றி நிறையவே எழுதியும் பேசியும் வந்துள்ளோம். அதனைத் தொடர்ந்து கூறுவோம். அதேவேளை, எமது கையில் எஞ்சியிருப்பவற்றை நாமே கவனக்குறைவால் இழந்துவிட்டால், அதற்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. இதற்குப் பெரும் பொருட்செலவோ அரசின் அனுமதியோ தேவையில்லை. ஒரு புதிய வன்தட்டு, ஒரு தாள், ஒரு விடுமுறை நாள், ஒரே மேசையில் அமரும் இரண்டு தலைமுறையினர் என இவை போதும். அந்த நாளை இம்மாதத்திலேயே குறித்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் அன்புடன் வேண்டுகின்றோம்.